முதல் விற்பனையோடு முடிந்துவிடும் வீடு: சமூக நில அறக்கட்டளையும் பஞ்சமி நிலமும்

வீட்டுமனைப் பட்டாவுக்கான நமது போராட்டங்கள் பெரும்பாலும் பட்டா கைக்கு வந்த நாளோடு முடிந்துவிடுகின்றன. மனு, முற்றுகை, வழக்கு என ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற மனைக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. மருத்துவச் செலவு, மகளின் திருமணம், மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், மனை கைமாறிவிடும். அருகில் நான்குவழிச் சாலையோ தொழிற்பேட்டையோ வந்துவிட்டால் கடன்கூடத் தேவையில்லை. தரகரே வாசலுக்கு வந்துவிடுவார். வாங்குபவர் பெரும்பாலும் நம்மவர் அல்லர். அடுத்த தலைமுறை மீண்டும் புறம்போக்கில் குடிசை போட்டு, மீண்டும் மனு எழுதத் தொடங்குகிறது.

அரசின் வீட்டுவசதித் திட்டங்கள் இந்தச் சுழற்சியைக் கணக்கில் கொள்வதே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காக 1985-86இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டமும், 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டமும், 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லமும் கட்டுமானத்துக்குப் பணம் தருகின்றன. கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் சொந்த மனையும் பட்டாவும் இருந்தால்தான் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியும். மனை இல்லாதவர் வாசலிலேயே நிற்கிறார். மனை உள்ளவரின் வீடோ முதல் விற்பனையோடு 'கட்டுப்படியாகும் வீடு' என்ற தன்மையை இழந்துவிடுகிறது. அரசு இட்ட மானியம் முழுவதும் அன்றைய சந்தை விலையில் கரைந்துவிடுகிறது.

ஒரு சிறிய சமூகம் தன் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வீடு கிடைக்கச் செய்து, அந்த விலையை அடுத்தடுத்த குடும்பங்களுக்கும் காப்பாற்றித் தருவது எப்படி என்ற கேள்விக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து ஒரு விடை பிறந்தது. சமூக நில அறக்கட்டளை என்பது அதன் பெயர். அதன் வேர்களுள் ஒன்று நம் நாட்டில், அதுவும் தலித் மக்கள் எழுப்பிய ஒரு கோரிக்கையில், இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம்.

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளிக்கு வந்த வினோபா பாவேயிடம் அவ்வூர் தலித் மக்கள் 80 ஏக்கர் நிலம் கேட்டார்கள். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் 100 ஏக்கர் தருவதாக முன்வந்தார். பூதான இயக்கத்தின் தொடக்கம் இதுவே. கொடுத்தவரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. கேட்டவர்களின் பெயர்களைச் சொல்லும் பாடநூலை நாம் இன்னும் கண்டதில்லை. 1952இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமத்தில் இவ்வியக்கம் கிராமதானமாக அடுத்த நிலையை எட்டியது. நிலத்தின் உரிமை கிராம சபைக்கு, பயிரிடும் உரிமை குடும்பங்களுக்கு என்பது அதன் அடிப்படை.

பூதானத்தின் மீது நமக்குள்ள விமர்சனம் மாறவில்லை. நிலக்கிழாரின் மனமாற்றத்தை நம்பிய அந்த இயக்கம் சாதியைத் தொடவில்லை. தானமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் கணிசமான பகுதி ஏழைகளின் கைக்கு வரவே இல்லை. ஆனால் உடைமையையும் பயன்பாட்டையும் தனித்தனியே பிரிப்பது என்ற சிந்தனை வினோபாவுக்கு மட்டும் உரியதன்று. 1947இல் அரசியல் நிர்ணய சபையை முன்னிட்டு எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர் வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி வேறுபாடின்றிக் குடும்பங்களின் குழுக்களுக்கு அது பயிரிட விடப்பட வேண்டும் என்றார். தானத்தின் இடத்தில் அவர் அரசமைப்புச் சட்டத்தை வைத்தார். இந்த வேறுபாடு மிகப் பெரியது.

கிராமதானச் செய்தி அமெரிக்காவில் ராபர்ட் ஸ்வான் என்ற அமைதிச் செயற்பாட்டாளரை எட்டியது. அதே காலத்தில் தென்மேற்கு ஜார்ஜியாவில், வாக்காளராகப் பதிவு செய்ததற்காகக் கறுப்பினக் குத்தகை விவசாயிகள் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இது நமக்குப் புதிய கதையன்று. கூலி உயர்வு கேட்டவரைக் குடியிருப்பிலிருந்து விரட்டுவது தஞ்சைப் பண்ணைகளிலும் வழக்கமாக இருந்தது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையை உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் வந்ததே இந்த அச்சுறுத்தலின் பின்னணியில்தான். நிலம் பிறர் கையில் இருக்கும்வரை வாக்குரிமையும் பிறர் கையில்தான் என்பதை ஜார்ஜியா மக்களும் அனுபவத்தில் உணர்ந்தார்கள். குடியுரிமைப் போராளிகளான சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட், ஸ்லேட்டர் கிங் ஆகியோர் ஸ்வானோடு இணைந்து 1969இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, லீ மாவட்டத்தில் சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் அமைப்புக்கு, வீடு குடும்பங்களுக்கு என்பது திட்டம்.

அத்திட்டத்தை முழுமையாக நிறைவேற்ற அவர்களை விடவில்லை. எதிர்பார்த்த கூட்டரசு நிதி, இனப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த மாநில ஆளுநரின் எதிர்ப்பால் கிடைக்கவில்லை. கடனைக் கட்டப் பயிர் செய்தார்கள். வறட்சி வந்தபோது வெள்ளை விவசாயிகளுக்கு எளிதில் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டு, பின்னர் மிகத் தாமதமாக, கடும் நிபந்தனைகளோடு வந்தது. 1985இல் நிலம் முழுவதும் ஏலத்தில் போயிற்று. கறுப்பின விவசாயிகளுக்குக் கூட்டரசு வேளாண் துறை இழைத்த பாகுபாட்டை எதிர்த்த பிக்ஃபோர்ட் வழக்கின் தீர்வில் 2009இல் அவர்களுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் வழங்க உத்தரவாயிற்று. அதைக் கொண்டு 2011இல் அவர்கள் வாங்கியது, ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்தப்பட்ட 1,638 ஏக்கர் பண்ணை ஒன்றை.

நிலத்தை இழந்த போதிலும் வடிவம் பிழைத்தது. இன்று அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட சமூக நில அறக்கட்டளைகள் உள்ளன. வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் என்ற சிறு நகரில் 1984இல் நகராட்சியின் நிதியோடு தொடங்கப்பட்டது அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று. அப்போது நகரத் தலைவராக இருந்தவர் பெர்னி சாண்டர்ஸ். அதன் செயல்முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அறக்கட்டளை நிலத்தை வாங்கி நிரந்தரமாகத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதன்மேல் உள்ள வீட்டைக் குடும்பம் விலைக்கு வாங்குகிறது. நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை பதிவாகிறது. அது வாரிசுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். விலையிலிருந்து நிலத்தின் மதிப்பு கழிந்துவிடுவதால் வீடு எட்டக்கூடிய விலைக்கு வருகிறது. குடும்பம் வீட்டை விற்க விரும்பினால் விற்கலாம். ஆனால் விலையைக் குத்தகைப் பத்திரத்தில் உள்ள சூத்திரம் தீர்மானிக்கும். பர்லிங்டனில் விற்பவருக்குத் தாம் செலுத்திய தொகையோடு மதிப்பு உயர்வில் 25 விழுக்காடு கிடைக்கும்.

எண்களை நம் ஊருக்கு ஏற்ப வைத்துப் பார்ப்போம். மனை 3 லட்சம், வீடு 4 லட்சம், மொத்தம் 7 லட்சம் ரூபாய். மனையின் விலையை அறக்கட்டளை ஏற்கிறது. குடும்பம் 4 லட்சம் செலுத்துகிறது. பத்தாண்டுகளுக்குப் பின் சந்தை மதிப்பு 15 லட்சம் என்றால் உயர்வு 8 லட்சம். விற்கும் குடும்பம் 4 லட்சத்தோடு 2 லட்சம் சேர்த்து 6 லட்சம் பெறுகிறது. அடுத்து வரும் ஏழைக் குடும்பம் 15 லட்சத்துக்கான வீட்டை 6 லட்சத்தில் வாங்குகிறது. அதற்காகப் புதிய மானியம் எதையும் யாரும் தேட வேண்டியதில்லை.

அறக்கட்டளையின் நிர்வாகக் குழு மூன்று சம பங்குகளாக அமைகிறது. குடியிருப்போர் ஒரு பங்கு, சுற்றியுள்ள சமூகத்தினர் ஒரு பங்கு, பொதுநலனைக் காக்கும் பிரதிநிதிகள் ஒரு பங்கு. குடியிருப்போர் மட்டுமே இருந்தால் என்றாவது ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து விற்கத் தீர்மானித்துவிடக்கூடும். வெளியார் மட்டுமே இருந்தால் அது இன்னொரு பண்ணையாகிவிடும். தவணை தவறும் குடும்பத்தைத் தேடிச் சென்று கடனைச் சீரமைத்துத் தருவதும் இவ்வமைப்பின் வேலை. அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பின், 2010 இறுதியில், பொதுச் சந்தைக் கடன்களில் 4.63 விழுக்காடு பறிமுதல் நடவடிக்கையில் இருந்தபோது நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 விழுக்காடாக இருந்தது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் எழுப்பும் எதிர்க்கேள்வி நியாயமானது. தலைமுறைகளாகச் சொத்து மறுக்கப்பட்டவர் கையில் முதன்முறையாக ஒரு சொத்து வரும்போது மட்டும் ஏன் விலை உயர்வுக்கு வரம்பு? சாதி இந்துவின் மனைக்கு இல்லாத கட்டுப்பாடு சேரி மனைக்கு ஏன்? அமெரிக்கக் கறுப்பினச் செயற்பாட்டாளர்களிடையேயும் இதே விவாதம் உண்டு. நமது நிலைப்பாடு இது: அரசு தர வேண்டிய மனைக்கு முழுப் பட்டாவே வேண்டும். நில அறக்கட்டளையைக் காட்டிப் பட்டாவைக் குத்தகையாகக் குறைக்க எந்த அரசு முயன்றாலும் அதை எதிர்க்க வேண்டும். ஆனால் சமூகமே பணம் திரட்டி வாங்கும் நிலத்துக்கும், போராடி மீட்கும் பஞ்சமி நிலத்துக்கும் கணக்கு வேறு. அந்நிலம் இன்றிருக்கும் ஐம்பது குடும்பங்களுக்கு மட்டும் சொந்தமானதன்று.

பஞ்சமி நிலத்தின் வரலாறே இதற்குச் சான்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் எனக் கூறப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. சற்று உற்றுப் பார்த்தால், நிலம் சமூகத்தைவிட்டு வெளியேறக்கூடாது என்ற அதே ஏற்பாடு ஜார்ஜியாவுக்கு 77 ஆண்டுகள் முன்பே இங்கு இருந்தது விளங்கும். இல்லாதது காவலுக்கு ஓர் அமைப்பு. நிபந்தனையைக் காக்கும் பொறுப்பு வருவாய்த் துறையிடம் இருந்தது. கிராமக் கணக்கு ஆதிக்கச் சாதியினரின் கையில் இருந்தது. பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு காணாமல் போய், அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்பது நமக்குச் சாதகமான சட்டம்தான். ஆனால் அதை நிலைநாட்ட வேண்டிய வாரிசு யார், மூல ஆவணம் எங்கே என்று தேடுவதிலேயே வழக்கு தளர்ந்துவிடுகிறது. இந்நிலங்களுக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். அவ்வளவு விலை கொடுத்து மீட்கும் நிலத்தைத் தனித்தனிப் பத்திரங்களாகப் பிரித்துவிட்டு மீண்டும் வட்டாட்சியரைக் காவலுக்கு வைப்பது நமக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை.

நம் சட்டத்தில் இதற்கு இடமுண்டா? உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விற்ற சொத்தை வாங்கியவர் மறுவிற்பனையே செய்யக்கூடாது என்று முற்றாகத் தடுக்கும் நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. ஆனால் அதே பிரிவு குத்தகைக்கு விலக்களிக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடுபவரின் நலனுக்கான நிபந்தனை செல்லும். ஆகவே நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகையாகப் பதிவு செய்து, வீட்டை மட்டும் குடும்பத்தின் உடைமையாக்கும் முறைக்கு இங்கு தடையில்லை. உறுப்பினர்களை ஒரு சமூகத்தினராக வரையறுக்கலாமா என்பது அடுத்த ஐயம். 2005இல் ஜொராஸ்திரியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற துணைவிதி செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரங்களில் நம்மை வாசலிலேயே நிறுத்துவதற்கு வழி செய்யும் தீர்ப்பு என்று நாம் அதை விமர்சித்து வந்திருக்கிறோம். அந்த விமர்சனம் நீடிக்கிறது. எனினும் அது சட்டமாக இருக்கும்வரை அதன் பயனை மற்றவருக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையில்லை.

எந்த வடிவில் பதிவு செய்வது என்பதில் அவசரம் கூடாது. கூட்டுறவுச் சங்கம் பலரும் அறிந்த வடிவம். ஆனால் நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை நியமிக்கும் அதிகாரம் அரசிடம் உள்ளது. பொது அறக்கட்டளையில் அந்த இடர் குறைவு. ஆனால் அறங்காவலர் பதவி ஒரே குடும்பத்தில் தங்கிவிடும் இடர் அதிகம். சுழற்சி முறையும், குடியிருப்போர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மூன்றிலொரு பங்கும் அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். குத்தகை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். கைவிடப்பட்ட பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாதபடி அதில் தனி விதி வேண்டும்.

நியூ கம்யூனிட்டீஸ் நிலத்தை இழந்தது நிலமே கடனுக்கு ஈடாக இருந்ததால். எனவே வங்கிக் கடனுக்கு வீட்டையும் குத்தகை உரிமையையும் மட்டும் அடமானம் வைக்கலாம், நிலத்தை எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது, தவணை தவறினால் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் முதல் வாய்ப்பு அறக்கட்டளைக்கே என்ற மூன்றும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். இத்தகைய பத்திரத்தை நம் வங்கி மேலாளர்கள் எளிதில் ஏற்க மாட்டார்கள். முதல் சில வீடுகளைக் கடனில்லாமல், சிறுகக் கட்டிச் சேர்ப்பதாகவே திட்டமிட வேண்டியிருக்கும். நிலக் குத்தகைத் தொகை பெயரளவில் இருந்தாலும் வசூலிக்கப்பட வேண்டும். ஐம்பது குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் செலுத்தினால் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். எல்லைக்கல் பராமரிப்பு, ஆண்டுதோறும் வில்லங்கச் சான்றும் அடங்கல் நகலும் எடுத்துச் சரிபார்த்தல், ஆக்கிரமிப்பு என்று தெரிந்த முதல் வாரத்திலேயே வழக்குத் தொடுத்தல் ஆகியவற்றுக்கு அந்தத் தொகை போதும்.