மூச்சைக் கவனித்தால் மனம் ஏன் அடங்குகிறது?

வெள்ளகோவில் விசைத்தறிக் கூடத்தில் பகலெல்லாம் நின்றவருக்கு, வீடு திரும்பியும் காதில் தறி ஓடும். கடன் தவணையும் அப்படித்தான். படுத்த பிறகே மனசுக்குள் ஓட ஆரம்பிக்கும். இவரிடம் 'கவலைப்படாதீங்க' என்பது வீண் பேச்சு. உடலையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் முழுமைநோக்கு ஆலோசகர் முதலில் கேட்பது தூக்கம், சாப்பாடு, உடம்புவலி பற்றி. பிறகுதான் மூச்சு.

ஏன் மூச்சு? இதயத் துடிப்பை நினைத்தவுடன் குறைக்க முடியாது, மூச்சை முடியும். வெளிமூச்சை நீட்டும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்கு வேகத்தைத் தணிக்கும் சைகை போகிறது, துடிப்பு இறங்குகிறது. உள்மூச்சில் சற்று ஏறும். அடுத்தது எண்ணம். 'நான் தோற்றுவிட்டேன்' என்பதை 'அப்படியொரு எண்ணம் வருகிறது' என்று பார்க்கப் பழகினால், அதையே அசைபோடுவது குறையும்.

1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படிக் கவனிப்பதைப் பல வாரப் பயிற்சியாக்கினார். கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் ஆழியாறு அறிவுத்திருக்கோயிலும் ஊரூராய் உள்ள மனவளக்கலை மன்றங்களும் தியானத்தோடு தன்னாய்வும் சொல்லித்தருகின்றன. ஆனால் மன்றம் வேறு, சிகிச்சை வேறு.

பழைய அதிர்ச்சி உள்ள சிலருக்குக் கண்ணை மூடினாலே பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்தால் போதும். மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. உயிரை விடும் எண்ணம் வந்தால் தியானத்துக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணை உடனே அழையுங்கள்.