கோகுலைச் சுமந்த நால்வர்

ஹவுராவில் பண்டேல் லோக்கல் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் ஸ்ரீராம்பூர். நம் புத்தகங்களில் செராம்பூர். தரங்கம்பாடியைப் போல இதுவும் டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் முதல்முறை போனேன். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அண்டவிடாத காலத்தில், டேனிஷ் கொடியின் நிழலில்தான் இங்கே பாப்டிஸ்ட் சபை முளைத்தது. 1793இல் கல்கத்தாவில் வந்திறங்கிய பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி, 1800 ஜனவரியில் இங்கே வந்து சக மிஷனரிகளான மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் சேர்ந்துகொண்டார்.

பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்தவர் தானாக நம்பித் தண்ணீரில் முழுகி எழ வேண்டும். ஏழு வருஷம் தொண்டை வறளப் பிரசங்கித்தும் கேரிக்கு அப்படி முழுக ஒரு வங்காளி கிடைக்கவில்லை.

பிறகு கிருஷ்ண பால் என்ற தச்சர் வழுக்கி விழுந்தார். தோள் பிசகிவிட்டது. மிஷன் டாக்டர் ஜான் தாமஸ் அவரை மரத்தோடு சேர்த்துக் கட்டி, கையை இழுத்து மூட்டை ஏற்றினார். பேச்சு அங்கே தொடங்கியது. கிருஷ்ண பாலும் நண்பர் கோகுலும் மிஷன் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாதி அன்றோடு போயிற்று, ஊர் கொதித்தது. கோகுல் தயங்கிப் பின்வாங்கினார். 1800 டிசம்பர் 28 அன்று கேரியின் மகன் பெலிக்ஸும் கிருஷ்ண பாலும் ஹூக்ளி ஆற்றில் முழுகி எழுந்தார்கள். இதற்காகவே வருஷக்கணக்கில் காத்திருந்த தாமஸ், பாவம், சந்தோஷம் தாங்காமல் புத்தி பேதலித்து அன்று அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்.

கிருஷ்ண பால் தன் வீட்டெதிரே சின்னதாக ஒரு ஜெபவீடு கட்டினார். 1803இல் அவர் மகளை, கிறிஸ்தவரான ஒரு பிராமண இளைஞர் கல்யாணம் செய்துகொண்டார்.

செராம்பூர் என்றால் எல்லோரும் அச்சகத்தைத்தான் சொல்வார்கள். 1812 மார்ச்சில் அது எரிந்ததும், மறு வருஷமே அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் நமக்கும் சொந்தமான கதைதான். ஆனால் சாதிக்கொரு கல்லறை, நடுவே சுவர் என்று பார்த்து வளர்ந்த எனக்கு, 1803 அக்டோபரில் நடந்த ஒரு சாவுதான் பெரிய விஷயம்.

இறந்தவர் கோகுல். தயங்கியவர் பிறகு ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்கு வந்திருந்தார். அவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள் நான்கு பேர்: வெள்ளைக்காரர்களான மார்ஷ்மன், பெலிக்ஸ், பிராமணராகப் பிறந்த பைரவ், முஸ்லிமாகப் பிறந்த பீரு. தெரு முழுக்க நின்று பார்த்தது. பெட்டியின் உள்ளும் வெளியும் வெள்ளை மஸ்லின். துணிக்குக் காசு கொடுத்தவர் தச்சர் கிருஷ்ண பால்.