இனிப்பு நீரும் மரத்துப்போன பாதமும்: கத்தி எதுவரை உதவும்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பால்குடம் செலுத்திவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவர் மோர் வாங்க நின்றார். அவர் நடந்து வந்த தார்ச்சாலையில் சிவப்பாகக் காலடித் தடம் பதிந்திருந்தது. "அண்ணே, காலில் ரத்தம்" என்றேன். "எங்கே தம்பி?" என்று கேட்டார். உட்கார வைத்துப் பார்த்தால், முதல் நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காயின் ஓட்டுச் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஆழமாக ஏறியிருந்தது. "முருகன் எனக்கு வலியே கொடுக்கலை" என்றார். விசாரித்ததில் அவருக்குப் பதினெட்டு வருடமாக இனிப்பு நீர்.

அவருடைய பக்தியில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. அவருடைய நரம்பில்தான் சந்தேகம். அந்தச் சந்தேகமே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்பு இழைகளும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் மிக மெல்லிய குழாய்களும் கெடுகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. ஆகவே சேதம் கால் விரல்களில் தொடங்கி, காலுறை ஏறுவதுபோல மெல்ல மேலே ஏறுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்தல், இரவில் போர்வை பட்டாலே வலி. வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது, மரத்துவிடும். வலிக்கிறவராவது மருத்துவரைத் தேடி ஓடுகிறார். மரத்துப்போனவர் ஓடுவதில்லை. அதனால் இரண்டாவது வகையே எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. உணர்வு நரம்போடு தசையை இயக்கும் நரம்பும் கெடுவதால் விரல்கள் பருந்தின் நகம்போல் வளைகின்றன. பாதத்தின் முன்பகுதி எலும்புகளின் மேல் பாரம் கூடுகிறது. வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு, பாரம், உணர்வின்மை மூன்றும் ஒரே பாதத்தில் சேர்ந்தால் புண் வருவதற்கு அதிக நாள் ஆகாது.

நம் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பவர்கள் இந்தியர்களாகிய நாம்தான்.

"ஆப்பரேஷன் செய்தால் மரத்த கால் திரும்புமா?" இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். ஆம் என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஏ. லீ டெலன் 1992இல் ஒரு முறையை வெளியிட்டார். அவர் வாதம் இது: நீரிழிவில் நரம்புக்குள் சர்க்கரை வேறொரு பொருளாக மாறி நீரை இழுப்பதால் நரம்பு சற்று வீங்குகிறது. அந்த நரம்பு முழங்காலின் வெளிப்புற எலும்பை ஒட்டியும், பாதத்தின் மேல்புறத்திலும், கணுக்காலின் உட்புறத்திலும் இறுக்கமான சந்துகளுக்குள் நுழைந்து போகிறது. வீங்கிய நரம்பு இறுக்கமான சந்தில் நசுங்குகிறது. சந்தின் கூரையை வெட்டித் திறந்துவிட்டால் நசுங்கல் நீங்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்தவர்களுக்குச் செய்யும் ஆப்பரேஷனும் இதே தத்துவம்தான். அது நன்றாகவே பலிக்கிறது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பலர் வலி குறைந்தது என்றும் சொன்னார்கள். ஆனால் வலி என்பது மனம் சம்பந்தப்பட்டது; கத்தி வைத்தார்கள் என்ற நம்பிக்கையிலேயே குறைவதுண்டு. ஆகவே தோலை மட்டும் திறந்து மூடியவர்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2006இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சிகிச்சை நிரூபிக்கப்படாதது என்று அறிவித்தது. இன்றும் எல்லா நீரிழிவு நோயாளிக்கும் வழக்கமாகச் செய்யலாம் என்ற நிலை வரவில்லை. கணுக்காலின் உட்புறத்தைத் தட்டினால் விரல்வரை மின்சாரம்போல் பாயும் சிலருக்கு, அதாவது நரம்பு நசுங்குவதற்கான தனி அடையாளம் உள்ளவர்களுக்கு, நிபுணர் ஆலோசித்துச் செய்யக்கூடும். மருந்துக்கு அடங்காத எரிச்சல் வலிக்கு, முதுகுத் தண்டின் அருகே மெல்லிய கம்பி பதித்து மின்தூண்டல் தரும் கருவிக்கு அமெரிக்க அரசு 2021இல் அனுமதி அளித்தது. அது வலிக்கான வழி. கம்பியும் கத்தியும் செத்துப்போன நரம்பை எழுப்பிவிடும் என்று யாராவது பணம் கேட்டால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

அப்படியானால் கத்தியால் பயனே இல்லையா? உண்டு. அது நரம்பைக் காப்பதைவிடப் பாதத்தைக் காப்பதில் வெற்றி கண்டிருக்கிறது. அந்தப் பாடம் நம் தமிழ்நாட்டில்தான் பெரும்பாலும் கற்கப்பட்டது.

1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்நாளில் தொழுநோயாளியின் விரலும் பாதமும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியது. நம் பினாங்கிலும் அவர்களை ஜெரஜாக் தீவில் ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிராண்ட் பார்த்தது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாதவர் ஆணியை மிதித்துக்கொண்டே நடக்கிறார், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. எலிக்காக அங்கே பூனை வளர்த்தார்கள் என்பது சரித்திரம். தசைநாரை இடம் மாற்றித் தைத்து, தொங்கிய பாதத்தை நிமிர்த்தினார். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மிருதுவான ரப்பர் செருப்பு உருவாயிற்று. பாதத்தோடு ஒட்டிப்போடும் மாவுக்கட்டு, புண்ணின் மேல் விழும் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும்; கட்டுக்குள் புண் ஆறும். 1966இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குச் சென்றபோது, அங்கே நீரிழிவுக்காரர்களின் பாதத்திலும் அதே புண், அதே காரணம் என்று கண்டு அதே வைத்தியத்தைக் கையாண்டார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குப் போடும் அந்தக் கட்டுக்குப் பின்னால் வேலூரின் ஏழைத் தொழுநோயாளிகள் இருக்கிறார்கள். 2003இல் அவர் காலமானார்.

அறுவை சிகிச்சை இதற்குமேல் என்ன செய்கிறது? நீரிழிவில் குதிகால் நரம்பு என்று நாம் தவறாகச் சொல்லும் தசைநார் விறைத்துக் குறுகுகிறது. பாரம் முன்பாதத்தில் ஏறுகிறது. அந்தத் தசைநாரைச் சற்று நீளப்படுத்தினால் பாரம் இறங்கும். 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கட்டு மட்டும் போட்டு ஆறியவர்களில் 81 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுக்குள் முன்பாதப் புண் திரும்பியது. கட்டோடு தசைநாரையும் நீட்டியவர்களில் அது 38 விழுக்காடுதான். வளைந்த விரலின் தசைநாரைச் சிறு கீறலில் விடுவிப்பதும் உண்டு. இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அடைப்பை நீக்குவது முதல் வேலை. அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பதும், சில வேளை ஒரு விரலை எடுப்பதும் இந்த வரிசையில் அடங்கும்.

விரல் என்றதும்தான் நம் மக்கள் மருத்துவமனை வாசலை விட்டு ஓடுகிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவான்" என்று வீட்டிலேயே மஞ்சள் பூசி, இலை அரைத்துக் கட்டி மூன்று வாரம் கடத்துகிறார்கள். மூன்று வாரத்தில் சீழ் எலும்புக்குள் போய்விடும். பிறகு போகும்போது முழங்காலுக்குக் கீழ் எடுக்க நேர்கிறது. "சொன்னேனே, வெட்டிவிட்டான்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. என் உறவிலேயே இப்படி ஒருவர் உண்டு. முதல் நாளே ஒரு விரல் போயிருந்தால் இன்று தன் காலிலேயே கோயிலுக்கு வருவார்.

பந்தலுக்கு வந்த பெரியவரை முதலுதவிக்காரர்களிடம் ஒப்படைத்தோம். சில்லை அவர்களே பிடுங்காமல் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அது சரியான காரியம்.

நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கு, விரதம் தொடங்கும் முன்பே அரசாங்கக் கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, வலி இல்லை. அந்த இழை பட்டது தெரியவில்லை என்றால் வெறுங்காலோடு நடப்பதைப் பற்றி மருத்துவரிடமும் குருக்களிடமும் ஒளிக்காமல் பேசுங்கள். விரத நாட்களில் மாத்திரை, இன்சுலின் அளவையும் அவரே சொல்லட்டும். வெறுங்காலோடுதான் போவேன் என்பவர் தார் சுடுவதற்கு முன் விடியற்காலையில் கிளம்புங்கள். தேங்காய் உடைத்த சாலை ஓரத்தைத் தவிருங்கள். 500க்கும் மேற்பட்ட படி ஏறி இறங்கிய பிறகு, துணைக்கு வந்த பிள்ளையையோ பேரனையோ உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக வந்தவருக்கு ஒரு சிறிய கண்ணாடி போதும். அன்றிரவும் மறுநாள் காலையும் மீண்டும் பாருங்கள். சூட்டுக் கொப்புளம் சிலருக்கு மறுநாள்தான் எழும்பும்.