விண்மீன் வடிவக் கரிம மூலக்கூறுகளின் மின்வேதிப் பண்பும் ஒளியுமிழ்வும்: ஓசூர்த் தொழிற்சூழலை முன்வைத்து

டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்டு ஆகியவற்றின் ஆலைகளால் ஊர்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றது ஓசூர். அண்மையில் மின் ஊர்திகளும் மின்னணுப் பாகங்களும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவாகின்றன. கைப்பேசித் திரை பெரும்பாலும் நிழலில் இருப்பது. இருசக்கர ஊர்தியின் காட்சித்திரையோ வெயிலில் நிற்பது. எனவே, இத்தொழிலுக்கெனக் கரிம ஒளியுமிழ் பொருளை ஆராய்வோர் வெப்பத்தை முதற்கண் கருதுதல் வேண்டும்.

1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் இருவரும் ஈரடுக்குக் கரிம ஒளியுமிழ் இருமுனையத்தை அறிவித்தனர். இத்துறையில் துளைகடத்தியாகப் பரவலாகக் கையாளப்பட்ட டி.பி.டி. சேர்மத்தின் கண்ணாடிநிலை மாற்று வெப்பநிலை ஏறத்தாழ 60° செ. மட்டுமே. அதனைக் கடப்பின் படலம் படிகமாகிச் சிதையும். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஷிரோட்டா குழுவினர் உருவாக்கிய விண்மீன் வடிவ மூலக்கூறுகள் இதற்கொரு விடை. நடுவில் டிரைஃபீனைல்அமீன், அதன் மூன்று திசையிலும் கிளைகள். காற்றாடி இதழ்போல் முறுக்குண்ட இவ்வமைப்பு நெருங்கி அடுக்கப்பட மறுக்கிறது. படிகமாதலைத் தடுக்கும் இதே முறுக்கு, மூலக்கூறுகள் ஒட்டி நிற்பதால் நேரும் ஒளித்தணிவையும் குறைக்கிறது. எம்-எம்டிடாட்டாவின் மாற்று வெப்பநிலை சுமார் 75° செ.; கார்பசோல் கிளைகளுடைய டி.சி.டி.ஏ.வுக்கு 151° செ. டி.சி.டி.ஏ.வின் மும்மை நிலை ஆற்றல் ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட்டு ஆதலின், பச்சை ஒளிதரும் இரிடியம் அணைவுகளுக்கு அது தாங்குபொருளாகவும் பயன்படுகிறது.

வெப்பத்தைத் தாங்குவது மின்னேற்றத்தையும் தாங்கும் என்பது பிழையான அனுமானம். இருமுனையம் இயங்குகையில் துளைகடத்தி இடையறாது ஆக்சிசனேற்றமும் ஒடுக்கமும் அடைகிறது. சுழற்சி மின்னழுத்த வரைவு இதனைக் கரைசலில் சோதிக்கும் முறை. டிரைஃபீனைல்அமீனின் பாரா இடங்கள் திறந்திருந்தால், அதன் நேரயனி உறுப்புகள் இரண்டு இணைந்து டெட்ராஃபீனைல்பென்சிடினாக மாறிவிடும். எம்-எம்டிடாட்டாவில் நடுக்கருவின் பாரா இடங்களை அமீன் கிளைகள் அடைத்துள்ளன. மின்னேற்றமும் நான்கு நைட்ரசன்களிடையே பரவுகிறது. ஆகவே அதன் ஆக்சிசனேற்றம் மீள்தன்மை உடையது. டி.சி.டி.ஏ.விலோ கார்பசோலின் 3, 6 ஆம் இடங்கள் திறந்துள்ளன. சுழற்சிதோறும் மூலக்கூறுகள் பிணைந்து மின்முனையில் பலபடிப் படலமாகப் படிகின்றன. வெப்பத்தில் வென்றது இங்குத் தோற்கிறது.

ஆதலின் ஒற்றைச் சுழற்சியின் வரைவை மட்டும் காட்டி நிலைப்புத்தன்மையை முடிவுசெய்தல் போதாது. ஃபெரோசீனின் மட்டத்தை 4.8 எலக்ட்ரான் வோல்ட்டு எனக் கொண்டு ஆற்றல் மட்டத்தைக் கணிக்க முதற்சுழற்சி உதவும். நிலைப்புத்தன்மையை அடுத்தடுத்த சுழற்சிகளே காட்டும். கரைசலில் தடையின்றி மோதும் மூலக்கூறுகள் திண்மப் படலத்தில் அவ்வாறு நகர்வதில்லை என்பதும் உண்மையே. எனினும், 3, 6 ஆம் இடங்களில் மூவிணைய பியூட்டைல் தொகுதிகளைப் பொருத்தி அவற்றை அடைப்பது எளிய மாற்றமாதலின், ஒளியுமிழ்வை அளக்குமுன் அதனைச் செய்து பார்ப்பது தகும்.