ஐம்பது எழுத்து என்னும் அளவு

புத்தளம் களப்பின் கரையில், உப்பளங்களுக்கு அப்பால் சூரியன் அஸ்தமிக்கும் வேளையில், என் சகோதரியின் மகன் மடிக்கணினியில் ஒரு பிழையைத் திருத்தி, அத்திருத்தத்தோடு சேரும் குறிப்பாகச் ‘சரிசெய்தேன்’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு எழுந்தபோது, எதை, எதற்காகச் சரிசெய்தான் என்பது ஆறு மாதம் கழிந்தபின் அவனுக்கே ஞாபகம் இராதே என்ற விசனம் எனக்கு உண்டாயிற்று.

நிரலில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை தவறாமல் காத்துவைக்கும் கருவிகளுள் இன்று பிரசித்தமானது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய ‘கிட்’. அதில் ஒரு மாற்றத்தைப் பதிவதைக் கமிட் என்பர். உடன் எழுதும் குறிப்பு கமிட் மெசேஜ். முதல் வரியில் 50 எழுத்துக்குள் சாரம், அடுத்து ஒரு வெற்று வரி, அதன்கீழ் 72 எழுத்துக்கு ஒருமுறை மடித்த விளக்கம் என்ற மரபை, 2008இல் டிம் போப் என்ற நிரலாளர் எழுதிய குறிப்பொன்று எங்கும் பரப்பியது. வெற்று வரியை விட்டுவிட்டால் சாரமும் விளக்கமும் ஒன்றாய்க் கலந்து, சுருக்கப் பட்டியல் வாசிக்க இயலாததாகிவிடும்.

எழுபத்திரண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. பின்வந்த கணினித் திரைகளும் அந்த அகலத்தையே சுவீகரித்தன. கிட் குறிப்புகளைக் காட்டுகையில் இடப்புறம் 4 இடம் ஒதுக்குகிறது. வலப்புறமும் அவ்வளவே விட்டால் எஞ்சுவது 72. நீண்ட வரியைக் கிட் தானாக மடித்துக் கொடுப்பதில்லை ஆகையால், எழுதுகிறவனே மடிக்கவேண்டும்.

ஆனால் இந்த எண்கள் ரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு பிறந்தவை. ‘புத்தளம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. உகரக் குறியையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடுக்கு எட்டு. ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால் சேமிப்பில் 24. எந்தக் கணக்கில் ஐம்பது? ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடங்குவதே அந்த எல்லையின் பிரயோஜனம் ஆதலால், தமிழில் குறிப்பெழுதுவோர் பைட்டை மறந்து, திரையில் தெரியும் அகலத்தைக் கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

மருமகன் திருத்திய பிழையும் இதே இனத்தது என்பது விசாரித்தபோது தெரிந்தது: பெயரின் நீளத்தைப் பைட்டில் அளந்து வெட்டியதால், பட்டியலில் நம் ஊரே புள்ளியிழந்து ‘புத்தளம’ என்று நின்றிருக்கிறது. கடைசிக் குறிப்பை மாற்றியெழுதக் கிட் இடங்கொடுப்பதால், அவன் மீண்டும் உட்கார்ந்து, ஏவல் வினையில் முடிப்பது அத்தொழிலின் வழக்கம் என்று சொல்லிக்கொண்டே, ‘தமிழ்ப் பெயர் அறுபடுவதைத் தடு’ என்று முதல் வரியை அமைத்தான். இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினேன்: நம் கணக்கில் 19, பைட் கணக்கில் 81. அதன்கீழ் ஒரு வரியை வெறுமையாக விட்டு, அந்தப் புள்ளி எப்படி உதிர்ந்தது என்பதை அவன் எழுதத் தொடங்கினான்.