பனிநிலத்து உத்தியோகம்

உத்தியோகம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன சில: ஒரு மேசை, ஒரு நாற்காலி, மாதமுடிவிற் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். இந்நான்கும் வாய்த்தவனைப் பாக்கியவான் என்கின்றோம். மேசையும் நாற்காலியும் நாளிற் பாதி இல்லாததாய், சம்பளமும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நின்றுபோவதாய், நண்பகலிலும் சூரியன் தோன்றாத மாதங்களையுடைய நாட்டிற் செய்யப்படுவதாய் உள்ள ஓர் உத்தியோகத்தைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆட்டிக் பிரதேசத்து ஆராய்ச்சி வேலைகள் எத்தகையன என்று விஞ்ஞான மாணாக்கர் சிலர் எம்மை வினவினர். தமிழ்ப் பண்டிதனுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன தொடர்பு என வாசகர் நகைக்கலாம். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். தேடிப் படித்தபோது, மொழி கற்றோருக்கும் ஆங்கே வேலையுண்டு என்பது புலனாயிற்று.

ஐந்திணை வகுத்த நம் முன்னோர் பனிநிலத்திற்கு ஒரு திணை வகுத்தாரல்லர்; அவர் அதனைக் கண்டிலர். கண்டிருப்பின், முதல், கரு, உரி மூன்றும் அதற்கும் உண்டென்று ஒப்புக்கொண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் வடமுனைப் பிரதேசம் வெறும் பனிப்பாழன்று. தென்முனைக் கண்டமாகிய அந்தாட்டிக்காவிற்குச் சுதேசிகள் இல்லை. அங்கு இருப்போர் யாவரும் போய் வருவோரே. வடமுனையோ, எட்டு நாடுகளின் நிலங்கள் சூழ்ந்து நிற்க, நடுவே சமுத்திரம் உறைந்து கிடக்கும் இடமாகும். அந்நிலங்களில் ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். இனுவிட், சாமி, நெனெற்ஸ் முதலிய ஆதிக்குடிகள் அவர்களுள் ஒரு பகுதியினர். ‘எசுக்கிமோவர்’ என நமது பழைய பூமிசாத்திரப் புத்தகங்கள் கூறியது இனுவிட் முதலியோரையே. அப்பெயரை அவர்களுட் பலர் இன்று விரும்புவதில்லை. ‘இனுவிட்’ என்பதற்கு அவர்தம் மொழியில் ‘மக்கள்’ என்பதே பொருள்.

இப்பிரதேசம் 1979 தொடங்கி உலகச் சராசரியிலும் ஏறத்தாழ நான்மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருவதாக 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. என்றும் உறைந்திருந்த மண் இளகுகின்றது. அதன்மேல் நின்ற வீடுகள் சரிகின்றன. வேட்டைக்குச் செல்லும் பனிவழிகள் நம்பத்தகாதனவாயின. ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டப்படுவது இதனாலேயே. ஆயின், ஆராய்வோன் யார், அவனுக்குச் சம்பளம் கொடுப்போர் யார், அவன் கேட்கும் வினா யாருடைய வினா என்பனவற்றை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம்.

அலாஸ்காவின் வடகோடியில் உத்கியாக்விக் என ஓர் ஊருளது. 2016 வரை அதன் உத்தியோகபூர்வப் பெயர் பறோ என்பதாகும். அவ்வூர் இனுபியாக் மக்கள் போஹெட் என்னும் பெருந்திமிங்கிலத்தை வேட்டையாடி, அதன் இறைச்சியை ஊரெல்லாம் பங்கிட்டு உண்டு வாழ்பவர். வணிகக் கப்பல்கள் எண்ணெய்க்காகக் கொன்று குவித்தமையால் அத்திமிங்கிலங்கள் முற்காலத்தில் அருகிப்போயின. 1977-இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு, எஞ்சியுள்ளவை சில நூறு முதல் ஈராயிரம் வரையினவே என மதித்து, இனுபியாக் மக்களின் வேட்டைக்கும் தடை விதித்தது. ஊரில் பெருந்துயர் உண்டாயிற்று. வேட்டைத் தலைவர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து முறையிட்டனர். அதன்மேல், 1978-ஆம் ஆண்டுக்குப் பன்னிரண்டு திமிங்கிலங்களைக் கரைசேர்க்கலாம், அல்லது பதினெட்டின்மேல் ஈட்டி பாய்ச்சலாம் என ஒரு சிறு வரம்பு வழங்கப்பட்டது. பல ஊர்கள் பன்னிரண்டைப் பங்கிடவேண்டியிருந்தது.

விஞ்ஞானிகள் எண்ணிய முறை யாது? வசந்தகாலத்திற் கடற்பனி பிளந்து, கரையோரமாக ஒரு நீர்வழி திறக்கும். அதனருகே உயர்ந்த பனிக்குன்றின்மேல் நின்று, கடந்து செல்லும் திமிங்கிலங்களைக் கண்ணால் எண்ணினர். முதிய வேட்டைக்காரர் இதனைக் கேட்டுத் தலையசைத்தனர். “நீங்கள் காண்பன நீர்வழியே செல்வன மட்டும், எஞ்சியவை பனிக்கு அடியிற் செல்கின்றன, மூச்சுவிடவேண்டுமிடத்துத் தலையால் முட்டிப் பனியைப் பிளக்கும்” என்பது அவர்தம் கூற்றின் சாரம். பனியை அஞ்சி ஒதுங்கும் பிராணி என்று நூல்களிற் கற்றோர் இதனை எளிதில் நம்பினாரல்லர்.

வடசரிவுப் பிரதேச சபை 1972-இல் அமைந்தது. எண்ணெய்க் கிணறுகளின் வரிப்பணம் அதன் கையில் இருந்தது. அச்சபை தானே விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வேட்டைக்காரர் சொல்லைச் சோதிக்கும்படி பணித்தது. இங்ஙனம் ஊர் மக்களே உத்தியோகம் கொடுப்போராயினர். 1980-களிற் பனியின் கீழ் ஒலிவாங்கிகள் இறக்கப்பட்டன. கண்ணுக்கு எட்டாத தூரத்தில், வெண்பனி மூடிய நீரின் கீழ், திமிங்கிலங்கள் கூவிக்கொண்டு செல்லும் ஒலி அவற்றிற் பதிவாயிற்று. கண்ணெண்ணிக்கையுடன் செவியெண்ணிக்கையும் சேர்ந்தபின் தொகை உயர்ந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 10,000-க்கு மேலெனவும், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 16,000-க்கு மேலெனவும் கூறின. இடைக்காலத்தில் திமிங்கிலங்கள் பெருகியதும் உண்மையே. எனினும் முதற்கணக்கு மிகக் குறைந்தது என்பதும் மறுக்கவொண்ணாதது. வேட்டைக்காரர் சொல் நிலைபெற்றது, வேட்டையும் நிலைபெற்றது. பனிமேற் காவல் நிற்போர், ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்போர், கணிதம் செய்வோர், வழிகாட்டும் வேட்டைக்காரர் எனப் பலருக்கு இதனால் வேலையும் கிடைத்தது.

சுதேசிகள் சொல்லைக் கேளாமையால் நேர்ந்த இழப்புக்கு இதனினும் பழைய சரித்திரமொன்று உண்டு. 1845-இல் ஆங்கிலக் கப்பற்றலைவர் பிராங்கிளின் இரண்டு கப்பல்களுடன் சென்று, தம்முடன் சேர்த்து 129 பேரும் மாளப் பனியில் மறைந்தார். ஜோன் றே என்பவர் இனுவிட் மக்களிடம் விசாரித்து, நிகழ்ந்ததை 1854-இல் லண்டனுக்கு அறிவித்தார். பட்டினியால் நரமாமிசம் உண்டனர் என்பதும் அச்செய்தியுள் ஒன்று. பெருநாவலாசிரியர் டிக்கென்ஸ் அதனை மறுத்து, இனுவிட் மக்களை இழித்தெழுதினார். கதை புனைவோர்க்குச் சாட்சி விசாரிக்கும் பொறுமை எக்காலத்தும் குறைவு போலும்! அம்மக்கள் வழிவழியாகக் கூறிவந்த இடக்குறிப்புகள் வழிகாட்ட, ஒரு கப்பல் 2014-இற் கிடைத்தது. மற்றது, ஓர் இனுவிட் மகன் தான் கண்ட அடையாளத்தைச் சொல்ல, 2016-இற் கிடைத்தது. மாண்டோர் சிலரின் எலும்புகளிற் கத்திபட்ட தழும்புகளையும் பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இனி, மொழி கற்றோர்க்குரிய வேலையைக் கூறுவாம். கனடாவின் வடபாலுள்ள இக்லூலிக் என்னும் தீவூரில், 1986 தொடங்கி, முதியோர் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பணி நடைபெற்றது. விண்மீன்கள், காற்று, கடற்பனி, பிள்ளைவளர்ப்பு, பெயரிடும் வழக்கம் என நூற்றுக்கணக்கான நேர்காணல்கள் இனுக்திதுத் மொழியிலேயே சேர்க்கப்பட்டன. சூரியன் மீளாத மாதங்களில் எந்த மீனை நோக்கி வழியறிவது என்பதை அம்முதியோர் சொல்லியிராவிடின், ‘ஆட்டிக் வானம்’ என 1998-இல் வெளிவந்த நூல் தோன்றியிராது. கேட்போன், பதிவோன், எழுத்தில் வடிப்போன், மொழிபெயர்ப்போன் என நால்வர்க்கு இதில் வேலையுண்டு. முதியோர் வழங்கிய சொற்கள் பல இளைஞர்க்கு விளங்குவதில்லை. அவற்றிற்குப் பொருளெழுதுவோனும் வேண்டும். இது நம் உரையாசிரியர் செய்த தொழிலன்றி வேறன்று. நோர்வேயில் கௌத்தொகைனோ என்னுமூரில், 1989-இல் நிறுவப்பட்ட சாமி உயர்கல்விக் கழகத்தில், றெயின்டியர் மந்தை மேய்ப்போரின் அறிவு சாமி மொழியிலேயே பாடமாகின்றது. பனிக்கு இனுவிட் மொழியில் நூறு சொல் என்பார் கதையை யாம் நம்பற்க. 1883-இற் புவியியலாளராக அங்குச் சென்று மானிடவியலாளராக மீண்ட பிரான்ஸ் போவாஸ் பின்னாளில் எடுத்துக்காட்டிய வேர்ச்சொற்கள் நான்கே; நான்கு நானூறாயது பத்திரிகைகளின் கைவண்ணம்.

இயற்கை விஞ்ஞானத் துறையில் வேலைகள் பலதிறத்தன. அவற்றை விரித்தல் மிகை. ஜேர்மனியரின் ‘போலர்ஸ்டேர்ன்’ என்னும் கப்பல் 2019 முதல் 2020 வரை கடற்பனியிற் கட்டுண்டு ஓராண்டு மிதந்து ஆராய்ச்சி நடத்தியது. இருபது நாட்டினர் அதிற் பங்குகொண்டனர். வளிமண்டலவியலாளர், நுண்ணுயிர் வல்லுநர் ஆகியோருடன், சமையற்காரரும், மாலுமிகளும், பனிக்கரடி வருகின்றதா என்று துப்பாக்கியுடன் காவல் நிற்போரும் அங்கு இருந்தனர். பெரும்பாலான இளைஞர் இத்துறையுட் புகும் வாயில் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சியே. அதன்பின் கிடைப்பவை இரண்டு மூன்றாண்டு ஒப்பந்தங்கள். நிரந்தர நியமனம் அரிது. 2022-இல் உக்ரேன் போர் மூண்டபின், ஆட்டிக் கரையோரத்தில் ஏறக்குறைய பாதியையுடைய இரஷ்யாவுடன் மேல்நாட்டு நிறுவனங்கள் பலவற்றின் கூட்டாராய்ச்சி நின்றுபோயிற்று. பாதிக் கரையின் செய்தி அறியாது முழுப்பிரதேசத்தையும் கணிக்கும் இடர் அதனால் விளைந்தது.

நமது பக்கத்திலிருந்து செல்ல விரும்புவோர் ஸ்வால்பார்ட் தீவுகளைப் பற்றி அறிந்திருத்தல் நன்று. 1920-இற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையால் அவை நோர்வேயின் ஆட்சிக்குட்பட்டன. அங்கு வாழவும் தொழில் செய்யவும் நோர்வே எவரிடமும் விசா கேட்பதில்லை. ஆயினும், நோர்வே வழியாகவே பெரும்பாலும் செல்லவேண்டியிருத்தலின் அந்நாட்டினூடு போக விசா வேண்டும். தன் செலவைத் தானே தாங்கமாட்டாதவனை ஆளுநர் திருப்பியனுப்பலாம். அத்தீவுகளில் நை-ஒலெசுண்ட் என்னும் ஊர் முன்பு நிலக்கரி தோண்டிய இடம். 1962-இல் நிகழ்ந்த வெடிவிபத்தில் 21 பேர் மாண்டபின் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்களின் ஊர். இந்தியாவும் 2008-இல் ‘ஹிமாத்ரி’ என்னும் நிலையத்தை அங்குத் திறந்தது. அதே தீவுகளின் லொங்யீயர்பியன் நகரில் 1993 முதல் உயர்கல்வி நிலையமொன்று நடைபெறுகின்றது. அங்குச் சேரும் மாணாக்கன் படிப்பின் தொடக்கத்தில் துப்பாக்கி பிடிக்கவும், பனியுடைந்து நீரில் வீழ்ந்தால் ஏறிவரவும் பழக்கப்படுகின்றான்.

இத்தனை வேலைகளுள் சுதேசிகளுக்குச் சேர்ந்தவை எத்தனை? நெடுங்காலம் அவர்கள் வழிகாட்டிகளாகவும் நாய்வண்டி ஓட்டுவோராகவும் நாட்கூலி பெற்றனர். நூலின் முன்னுரையில் ‘உள்ளூர் உதவியாளர்’ எனப் பெயரின்றிக் குறிக்கப்பட்டனர். கனடாவில் 1993-இல் இனுவிட் மக்கள் செய்துகொண்ட நில உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, அரசாங்க உத்தியோகங்களில் அவர்தம் தொகைக்கேற்ற பங்கு உண்டு என்கின்றது. அதன்வழி 1999-இற் பிறந்த நுனவுட் ஆள்புலத்தில் இனுவிட் மக்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேர். அரசாங்க சேவையில் அவர்தம் பங்கோ அரைவாசியளவில் நிற்கின்றது. மேற்பதவிகளில் அதனினும் குறைவு. கல்வித் தகைமை இல்லையென்று காரணம் கூறுவர். நுனவுட்டிற் பல்கலைக்கழகம் இல்லை என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

2018-இல் கனடா இனுவிட் மக்களின் தேசிய அமைப்பு, ஆராய்ச்சிக்குரிய தன் கொள்கையை வெளியிட்டது. வினாவைத் தேர்வதிலும், பணத்தைப் பகிர்வதிலும், சேர்த்த தரவுகளை வைத்திருப்பதிலும் தமக்கு உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம். அனுமதிப்பத்திரம் பெறாது நுனவுட்டில் ஆராய்ச்சி செய்தல் சட்டப்படி ஆகாது. ஆகவே, இக்காலத்தில் அங்கு வேலை தேடிச் செல்வோனை, உன் நூலறிவு எத்துணை என்பதுடன், ஊராரோடு எவ்வாறு பழகுவாய் என்றும் வினவுவர். தன் வேலையைத் தனக்குப்பின் ஏற்கத்தக்க ஊர் இளைஞன் ஒருவனைப் பயிற்றிவிட்டு வருதலே அவனுக்கு அழகென்பது எமது கருத்து. நுனவுட் ஆட்டிக் கல்லூரி சுற்றாடல் தொழினுட்பத்தில் இளைஞரைப் பயிற்றி வருகின்றது.

1882-83, 1932-33, 1957-58, 2007-08 ஆகிய காலங்களில் உலகநாடுகள் கூடித் துருவ ஆராய்ச்சி நடத்தின. அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032-33 எனக் குறிக்கப்பட்டுள்ளது. உத்கியாக்விக்கிலும் இக்லூலிக்கிலும் இன்று பள்ளியில் மேல்வகுப்பிற் பயிலும் பிள்ளைகள் அப்பொழுது வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதினராயிருப்பர்.