மாம் டோர் மலைமுகட்டில் ஒரு நாள் நடை

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் பீக் மாவட்டத்தில், காசல்டன் கிராமத்துக்கும் ஈடேல் பள்ளத்தாக்குக்கும் வரப்பிட்டாற்போல் ஒரு மலைமுகடு நீண்டு செல்கிறது. அதன் மேற்குக் கோடியில் 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர்; கிழக்குக் கோடியில் 476 மீட்டர் உயரமுள்ள லூஸ் ஹில். காசல்டனில் புறப்பட்டு, முகட்டின் நெடுகிலும் நடந்து, வேறு வழியாக இறங்கி அதே ஊருக்கு வந்து சேர ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஆகும். சாமான்ய தேகபலம் உள்ள எவரும் ஒரு பகலில் நடந்து முடிக்கக்கூடிய இப்பாதைக்கும் முன்யோசனை தேவை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் கேட்டு நேரத்தை நிச்சயிப்பது சமவெளிப் பழக்கம். மலையில் ஏற்றத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் வகுத்த விதியை இன்றைய அளவைகளில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடை என்று கொண்டு, ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிஷம். சுமார் 450 மீட்டர் ஏற்றத்துக்கு முக்கால் மணி. ஆக மூன்று மணிக்குச் சற்று அதிகம். ஆனால் இது எங்கும் நில்லாமல் நடக்கும் திடகாத்திரரின் கணக்காதலால், உட்கார்ந்து உண்பதற்கும், நின்று பார்ப்பதற்கும், உடன் வரும் முதியவர்களின் நடைக்கும் இடம் விட்டு, ஐந்து மணி என்று கொள்வதே உசிதம். டிசம்பர் மாதத்தில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும் என்பதை நினைவில் வைத்தால், காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது தானே விளங்கும்.

அடுத்தது, எந்தத் திசையில் சுற்றுவது? அந்தப் பிரதேசத்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே காற்று அடிக்கிறது. ஆகவே முதலில் மாம் டோரில் ஏறி, அங்கிருந்து லூஸ் ஹில் நோக்கி நடப்பவருக்குக் காற்று முதுகுப்புறமாக வந்து துணைசெய்யும். எதிர்த்திசையில் வருபவரோ மழையை முகத்தில் வாங்கிக்கொண்டே நடக்க நேரும். நடுவிலுள்ள பேக் டோர் என்னும் செங்குத்தான மேடும், இத்திசையில் சென்றால் ஏற்றமாக எதிர்ப்படுமேயன்றி இறக்கமாக அல்ல; சரளை உருளும் சரிவில் ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவதோ காலை வாரும்.

காசல்டனிலிருந்து மாம் டோருக்கு ஏறுகையில் கைவிடப்பட்ட ஒரு நெடுஞ்சாலையின் வழியே செல்லலாம். மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த அம்மலையின் கிழக்கு முகம் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே இருப்பதனால், 1819-இல் அமைத்த சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டும் பயனின்றி, 1979-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். தார் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் அவ்விடம், மலையை ஸ்திரமான வஸ்து என்று எண்ணியிருப்பவர் அவசியம் பார்க்கத் தக்கது.

முகட்டுப் பாதையில் ஏறிவிட்டால், நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. ஆகவே இறங்கும் வழிகள் எங்கெங்கே உள்ளன என்பதை 1:25,000 அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் முந்தின இரவே குறித்துக்கொள்ள வேண்டும். என் அபிப்பிராயத்தில் முழுத் திட்டத்திலும் இதுவே முதன்மையானது. இங்கே அத்தகைய இடம் ஹாலின்ஸ் கிராஸ் என்னும் தாழ்ந்த கணவாய். ஈடேலுக்கென்று ஒரு தேவாலயம் ஏற்படுவதற்கு முன் அவ்வூரார் இறந்தோரைச் சுமந்து மலையைக் கடந்ததும், பிற்காலத்தில் காசல்டன் தொழிலாளர்கள் ஈடேல் பஞ்சாலைக்கு நடந்து சென்றதும் இவ்வழியேதான். குறித்த நேரத்துக்குள் இங்கே வந்து சேராவிட்டாலும், மேகம் தாழ்ந்து முகட்டை மூடினாலும், வாதம் செய்யாமல் தெற்கே காசல்டனுக்கு இறங்கிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். களைத்த மனத்தை மலைமேல் வைத்து யோசிக்கச் சொல்வது நியாயமன்று.

நடப்பவருக்கு இம்மலைகளில் பாத்தியம் எளிதாகக் கிடைத்ததன்று. வடக்கே ஈடேலுக்கு அப்பால் தெரியும் கிண்டர் ஸ்கவுட்டில், 1932 ஏப்ரல் 24 அன்று, நிலச்சுவான்தார்களின் தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். ஷெஃபீல்டு தொழிலாளரை 1900 முதலே மலைநடைக்கு அழைத்துச் சென்ற ஜி. எச். பி. வார்டுக்கு, 1945-இல் நடையர் சங்கத்தார் லூஸ் ஹில்லின் உச்சிநிலத்தை அளிக்க, அவர் அதை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1951-இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று எண்ணற்ற கால்கள் பட்டு மண் அரித்துப்போகாதபடி முகட்டில் கற்பலகைகள் பாவியிருக்கிறார்கள். அவற்றை விட்டு விலகாமல் நடப்பது நம் கடமை.

மூட்டையில் அதிகம் வேண்டியதில்லை: மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, தண்ணீர், உணவு, கைவிளக்கு, விசில். 300 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரிதான் குறையும்; ஆயினும் மறைப்பற்ற முகட்டில் காற்று அதைப் பன்மடங்காக உணர்த்தும். ஆபத்து நேர்ந்தால் நிமிஷத்துக்கு ஆறு முறை விசில் ஊத வேண்டும். தொலைபேசி வேலைசெய்தால் 999-ஐ அழைத்துப் போலீஸ் மூலம் மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதோடு, திரும்பியதையும் மறவாமல் சொல்லிவிட வேண்டும். இல்லையேல், ஊதியம் வாங்காத தொண்டர்கள் நம்மைத் தேடி இருட்டில் மலையேறுவார்கள்.